ஸ்வெத்லானாவின் மகளுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வி: என் பெயர் ஸ்வெத்லானா. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். ‘சோவியத் நாடு’ பத்திரிகையைப் படித்துப் படித்து இந்தப் பெயரை வைத்தார். பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு மாதிரி கூப்பிடுவார்கள். வீட்டில் ‘ஸ்வேதா’. அர்த்தம் கேட்டால், “வெளிச்சம்னு அர்த்தம் கண்ணு, ரொம்பப் பழைய ரஷ்யப் பேரு” என்பார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இப்போது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் அப்பா நினைவாக ஒரு ஸ்லாவியப் பெயர் வைக்க ஆசை. இணையத்தில் தேடி ஆறு பெயர்கள் எடுத்து வைத்திருக்கிறேன்: ஒல்கா, நடாஷா, லுத்மிலா, நாதியா, மிலா, வெஸ்னா. எல்லாமே ‘தூய ஸ்லாவியப் பெயர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே பெயருக்கு மூன்று இடத்தில் மூன்று அர்த்தம். என் மாமியார் வசந்தா, “உங்கப்பா ஆசைப்படியே வை, ஆனா எனக்கு வாயில நுழையணும்” என்கிறார். இவற்றில் எது நிஜமான ஸ்லாவியப் பெயர்? எதை வைக்கலாம்?

– ஸ்வெத்லானா, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள ஸ்வெத்லானா,

உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி. வெளிச்சம் என்பது சரி. ‘ரொம்பப் பழைய பேரு’ என்பதில்தான் தடுக்குகிறது. உங்கள் பெயருக்கு வயது இருநூற்றுச் சொச்சம். அதுவும் காகிதத்தில் பிறந்த பெயர்.

ரஷ்யம், போலிஷ், செக், செர்பியம் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பம்தான் ஸ்லாவியம். அதில் ரஷ்ய மொழியில் ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. அதைக் கொண்டு ஸ்வெத்லானா என்று ஒரு பெயரை உண்டாக்கியவர் அலெக்சாந்தர் வொஸ்தோக்கவ் என்ற கவிஞர். மொழியறிஞரும்கூட. 1802இல் எழுதிய கதைப்பாட்டு ஒன்றின் நாயகிக்குப் பழங்கால வாடை வீசும் பெயர் தேவைப்பட்டது, தானே செய்துகொண்டார். அதை ஊரறிய வைத்தவர் இன்னொரு கவிஞர், வசீலி ஷுக்கோவ்ஸ்கி. 1813இல் அச்சான அவருடைய ‘ஸ்வெத்லானா’ கதைப்பாட்டில் ஒரு பெண் நள்ளிரவில் கண்ணாடிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, தனக்கு வரப்போகிறவன் முகம் அதில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். படித்தவர் வீடுகளில் எல்லாரும் அறிந்த பாட்டு அது. ஆனால் ஆசைப்பட்டவர்கள் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வழியில்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனிதர் நாள்காட்டியில் இல்லாத பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். அப்படியொரு புனிதை கிடையாது. அதனால் நூறு ஆண்டு போல அது கதையிலும் கப்பலிலும்தான் இருந்தது. கப்பல் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரஷ்யக் கடற்படையில் ‘ஸ்வெத்லானா’ என்ற போர்க்கப்பல் இருந்தது, 1905இல் ஜப்பானியரோடு நடந்த சுஷிமா சண்டையில் மூழ்கியது.

1917 புரட்சிக்குப் பிறகு பெயர் வைக்கப் பாதிரியாரைக் கேட்க வேண்டியதில்லை என்றானது. பெயர் வீட்டுக்குள் வந்தது. ஸ்டாலின் 1926இல் பிறந்த தன் மகளுக்கே அதை வைத்தார். அந்த ஸ்வெத்லானாவுக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. தன் துணைவரான பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தவர், 1967 மார்ச்சில் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய் அடைக்கலம் கேட்டார். உங்கள் அப்பா இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது! ஞானஸ்நானம் பெற விரும்பும் ஸ்வெத்லானாக்களுக்குத் திருச்சபையும் பின்னாளில் வழி கண்டது. கிரேக்க மொழியில் ஒளியைக் குறிக்கும் ‘ஃபோத்தினா’ என்ற புனிதையின் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுப் பெயர். ஸ்லாவிய ‘ஸ்வெத்’தும் சமஸ்கிருத ‘ஸ்வேத’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. அங்கே ஒளி, இங்கே வெண்மை. அதோடு ரஷ்யர்களும் ஸ்வெத்லானாவை வீட்டில் ‘ஸ்வேத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக, டீச்சர்கள் எப்படிக் கூப்பிட்டிருந்தாலும், அப்பா கூப்பிட்டது கோவையிலும் செல்லும், மாஸ்கோவிலும் செல்லும்.

உங்கள் ஆறு பெயர்களுக்கு வருகிறேன். முதல் இரண்டை எடுத்துக் கீழே வைத்துவிடலாம்.

ஒல்கா ஸ்லாவியப் பெயர் அல்ல. வடக்கேயிருந்து படகேறி வந்த ஸ்காண்டிநேவியர்களின் ‘ஹெல்கா’தான் ஒல்கா ஆயிற்று. பொருள் புனிதமானவள். ஆண்பால் ‘ஹெல்கி’ ஒலெக் ஆனதும், ‘இங்வார்’ ஈகர் ஆனதும் இதே வழியில்தான். கீவ் அரசி ஒல்காவின் கணவர் ஈகரை 945இல் தெரெவ்லியர் என்ற குலத்தார் கொன்றார்கள். அவர்களை அவள் பழிவாங்கிய கதையைக் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சொல்லக் கூடாது, விட்டுவிடுகிறேன். பின்னால் அவள் பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனபோது அங்குள்ள குறிப்பில் அவள் பெயரை ‘எல்கா’ என்றே எழுதினார்கள், ஸ்காண்டிநேவிய ஒலி இன்னும் மாறவில்லை. அவள் மகன் பெயர் ஸ்வியாத்தஸ்லாவ். அது அசல் ஸ்லாவியப் பெயர், அந்த அரச குடும்பத்தில் அப்படிப் பெயர் பெற்ற முதல் அரசன் அவன்தான். வந்தேறிகள் ஊரோடு கலந்ததை ஒரு தாய் பெயரும் மகன் பெயரும் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று மட்டும் ஒல்காவுக்காகச் சொல்ல வேண்டும். தமிழில் ‘ஒல்கா’ என்றால் தளராத, குன்றாத என்று பொருள். தொல்காப்பியருக்கு ‘ஒல்காப் புகழ்’ என்று அடைமொழி போடுகிறோமே, அதே சொல். உறவெல்லாம் கிடையாது, தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

நடாஷா, நத்தாலியாவின் செல்ல வடிவம். லத்தீனில் பிறந்தநாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, குறிப்பாகக் கிறிஸ்து பிறந்த நாள். தான்யா என்று கொஞ்சப்படும் தத்தியானா ரோமானியக் குடிப்பெயர். காத்யா, ஈரினா, அனஸ்தாசியா, சோனியா எல்லாம் கிரேக்கம். மாஷாவும் ஆன்யாவும் எபிரேயம். உங்கள் அப்பா காலத்தில் தோழர்கள் வீட்டுப் பெண்களுக்கு விருப்பமாக வைத்த வாலன்டினா இருக்கிறதே, 1963 ஜூன் 16 அன்று விண்ணில் ஏறிய வாலன்டினா தெரஷ்கோவாவின் நினைவாக, அதுவும் லத்தீன்தான். வலிமையானவள் என்று பொருள், தெரஷ்கோவாவுக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

ரஷ்யா என்றாலே நம் நினைவுக்கு வரும் பெயர்கள் முக்கால்வாசி ரஷ்யச் சொற்களே அல்ல என்பது முதலில் எனக்கும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. காரணம் ஒன்றுதான். 988இல் கீவ் அரசன் விளாதிமிர் மதம் மாறி, மக்களையும் மாற்றினான். கிறிஸ்தவம் பைசாந்தியத்திலிருந்து வந்தது, பெயர்களும் அந்த மூட்டையோடு வந்து இறங்கின. அதன் பிறகும் பல நூறு ஆண்டுகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் இருந்தது. கோயிலில் ஒன்று, தெருவில் ஒன்று. தெருப் பெயர்தான் ஸ்லாவியப் பெயர். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஏறக்குறைய அழிந்தது. கத்தோலிக்கப் போலந்திலும் பழைய பெயர்கள் இப்படித் தேய்ந்து, 19ஆம் நூற்றாண்டில் தேசிய உணர்ச்சி பொங்கியபோது திரும்ப எடுத்துச் சூட்டப்பட்டன. செக் எழுத்தாளர் பொஷேனா நெம்ட்சோவாவுக்கு ஞானஸ்நானப் பெயர் பார்போரா. ‘பொஷேனா’ என்பது நாட்டுப்பற்றில் அவரே சூட்டிக்கொண்டது. நம் ஊரில் தனித்தமிழ்ப் பெயருக்கு மாறியவர்களை நினைத்துக்கொண்டால் விஷயம் உடனே புரியும்.

அந்தத் தெருப் பெயர்கள் எப்படி இருந்தன? ரஷ்யாவின் நோவ்கரத் நகரின் சேற்றுக்குள்ளிருந்து 1951 முதல் பூர்ச்ச மரப்பட்டையில் கீறிய கடிதங்கள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 2005இல் கிடைத்த 955ஆம் எண் கடிதம் எனக்குப் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டுக்காரி ஒருத்தி, பெயர் மிலுஷா, மரேனா என்பவளுக்கு எழுதுகிறாள். கல்யாணத் தரகுக்காரி போலிருக்கிறது. ‘பெரிய பின்னல்’ என்று பட்டப்பெயர் கொண்ட பெண் ஸ்னோவித் என்பவனைக் கட்டிக்கொள்ளட்டும் என்கிறாள். அடுத்த வரியில் ஒரு வாழ்த்து. கல்யாண வீட்டுக் கிழவிகள் சொல்லக்கூடியது, அச்சில் போட முடியாதது. கடைசியில், நேற்றைய இரண்டு கிரிவ்னாவைக் கொடு என்று காசில் வந்து நிற்கிறாள். மதம் மாறி நூறாண்டுக்கும் மேலாகியும் மிலுஷா மிலுஷாவாகத்தான் இருக்கிறாள்.

அந்த மிலுஷாவுக்குள் இருக்கும் ‘மில்’தான் உங்கள் பட்டியலின் மிலா. அன்புக்குரிய, இனிய என்று பொருள். எல்லா ஸ்லாவிய மொழியிலும் உள்ள சொந்தச் சொல். ரஷ்யாவில் மிலா பெரும்பாலும் லுத்மிலாவின் சுருக்கம், செர்பியாவில் மிலிட்சா, மிலேனாவின் சுருக்கமாகவும் இருக்கலாம், தனிப்பெயராகவும் இருக்கலாம். எங்கே போனாலும் கூப்பிடச் சுலபம். குறை என்று சொன்னால், இன்று உலகமெங்கும் வைக்கிற பெயராகிவிட்டது. ஸ்லாவியப் பெயர் என்று நீங்கள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

லுத்மிலா அசலிலும் அசல். ‘லுத்’ மக்கள், ‘மில்’ இனிய. மக்களுக்கு இனியவள். இரண்டு சொல்லைக் கோத்துச் செய்யும் இந்த வகைதான் ஸ்லாவியரின் உயர்குடிப் பெயர் மரபு. ‘ஸ்லாவா’ என்றால் புகழ், அதை முன்னாலோ பின்னாலோ ஒட்டி யாரஸ்லாவா, மிரஸ்லாவா, ஸ்தனிஸ்லாவா. ‘போக்’ என்றால் கடவுள், அதிலிருந்து பகுஸ்லாவா. இந்தப் ‘போக்’கும் நம் பகவானில் உள்ள ‘பக’வும்கூட ஒரே வேர்தான். இணையப் பட்டியல்கள் குழம்புவது இங்கேதான். ‘மிரா’ என்று முடிந்தால் ஓரிடத்தில் அமைதி என்றும், இன்னோரிடத்தில் உலகம் என்றும் போடுவார்கள். ‘மிர்’ இரண்டையும் குறிக்கும் என்பது உண்மை. பழைய பெயர்கள் பலவற்றில் அது ‘மேர்’ என்று வேறு சொல்லாக, பெருமை என்ற பொருளில் இருந்தது என்பதை யாரும் போடுவதில்லை. அதேபோல ஒளியைக் குறிக்கும் ‘ஸ்வெத்’ வேறு, புனிதத்தைக் குறிக்கும் ‘ஸ்வியாத்’ வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஸ்வெத்லானாவுக்குப் ‘புனிதமானவள்’ என்று அர்த்தம் போட்ட பட்டியலும் என் கண்ணில் பட்டிருக்கிறது.

இத்தனை பழைய பெயர்கள் செத்தபோது லுத்மிலா மட்டும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு கொலை. செக் நாட்டின் முதல் கிறிஸ்தவக் கோமகனுடைய மனைவி லுத்மிலா. கணவனும் மகனும் போன பிறகு பேரன் வாட்ஸ்லாவை வளர்க்கும் உரிமை யாருக்கு என்று மருமகளோடு சண்டை. 921இல் தெத்தீன் கோட்டையில் மருமகளின் ஆட்கள் பாட்டியின் கழுத்தை நெரித்தார்கள். முக்காட்டுத் துணியாலேயே நெரித்ததாக மரபு. லுத்மிலா புனிதை ஆனாள், பெயர் நாள்காட்டிக்குள் நுழைந்தது, செக்கிலிருந்து ரஷ்யா வரை பரவியது. கொல்லச் சொன்ன மருமகளின் பெயர் திரகோமீரா. அதைப் பிரித்தால் ‘அருமை’, ‘அமைதி’. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மாமியார்-மருமகள் கதை என்பதால் உங்கள் வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள். வசந்தா அம்மாவுக்கு ‘லுத்மிலா’ வாயில் நுழையுமா என்பது வேறு கேள்வி. நுழையாது என்றுதான் நினைக்கிறேன்.

நாதியா, நதேஷ்தாவின் சுருக்கம். நம்பிக்கை என்று பொருள். சொல் ஸ்லாவியச் சொல்தான், பெயர் மட்டும் மொழிபெயர்ப்பு. ரோமில் மூன்று சிறுமிகள் தங்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள் என்று ஒரு புனிதர் வரலாறு. கிரேக்கத்தில் அவர்கள் பெயர் பிஸ்திஸ், எல்பிஸ், அகாப்பே. ஸ்லாவியத்தில் எழுதியவர்கள் மூன்றையும் அப்படியே பெயர்த்து வேரா, நதேஷ்தா, லுபோவ் என்றார்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு. தாயின் பெயர் சோஃபியா, அதற்கு ஞானம் என்று பொருள் இருந்தும் அதை மட்டும் தொடவில்லை. ஏன் விட்டார்கள் என்று நான் யோசிக்காத நாளில்லை, மொழிபெயர்ப்பாளன் புத்தி அப்படி. நால்வருக்கும் செப்டம்பர் 30 ஒரே திருநாள். லெனினின் மனைவி க்ரூப்ஸ்காயா ஒரு நதேஷ்தா என்பதால் உங்கள் அப்பாவுக்கும் இது உவப்பாக இருந்திருக்கும். எழுதும்போது மட்டும் கவனம். ‘நதியா’ என்று எழுதினால் எல்லாரும் நதி என்று நினைப்பார்கள். ‘நாதியா’ என்று எழுதினால் ‘கேட்க நாதியா இல்லை’ என்பது காதில் விழும்.

பட்டியலில் இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஸ்லாவியப் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் கிராமங்களில். செர்பியரும் பல்கேரியரும் கோயில் பெயர்களோடு பழைய பெயர்களையும் விடாமல் வைத்துக்கொண்டவர்கள். யாகதா என்றால் அங்கே சிறு பழம், ஸ்ட்ராபெரி. துன்யா சீமைமாதுளை. விஷ்னியா புளிப்புச் செர்ரி. ஸ்லாத்தா பொன், நம் பொன்னிக்கும் தங்கத்துக்கும் சரியான ஜோடி. தானித்சா விடிவெள்ளி. பல்கேரியாவின் நெவேனா எனக்குத் தனிப் பிரியம். சாமந்தி போன்ற ஒரு மஞ்சள் பூ அது. சொல்லைப் பிரித்தால் ‘வாடாதது’ என்று வரும். நாம் வாடாமல்லி என்கிறோமே, அதே யோசனை. இப்படிப் பூப்பெயர் கொண்ட பெண்களுக்கெல்லாம் அங்கே குருத்தோலை ஞாயிறு பெயர்த் திருநாள். புனிதை இல்லாத பெயருக்கும் ஒரு பண்டிகை கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே கிராமங்களில் ஸ்தானா, ஸ்தாங்கா என்றும் பெண்களுக்குப் பெயர் உண்டு. ‘நில்’ என்பது வேர். பிறந்து பிறந்து இறக்கும் வீட்டில் ‘இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும்’ என்று வைப்பார்கள். வரிசையாகப் பெண்ணே பிறக்கும் வீட்டில் ‘இதோடு நிற்கட்டும்’ என்று வைப்பார்கள். அகராதியில் ஒரே சொல். ஆனால் ஒருத்திக்கு அது வேண்டுதல், இன்னொருத்திக்கு வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் அலுப்பு. போதும்பொண்ணு என்று பெயர் வைத்த ஊர் நம்முடையது, நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. செர்பிய மொழியின் முதல் பெரிய அகராதியைத் தொகுத்த வூக் கராஜிச் 1787இல் பிறந்தபோது, முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் ‘ஓநாய்’ என்று பெயர் வைத்தார்கள். சூனியக்காரிகள் குழந்தையைத் தின்பார்கள், ஓநாயிடம் வாலாட்டமாட்டார்கள் என்று எண்ணம். குப்பம்மாளும் பிச்சையம்மாளும் இங்கே காப்பாற்றப்பட்டது இதே தந்திரத்தால்தான். இங்கே இழிவாகப் பெயர் வைத்து ஏமாற்றினோம், அங்கே பயமுறுத்தினார்கள்.

கடைசிப் பெயருக்கு வருகிறேன். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்தேன்.

வெஸ்னா என்றால் இளவேனில். செர்பியா, குரோஷியா, ஸ்லொவேனியாவில் பெண்களுக்கு இயல்பாக வைக்கும் பெயர். 1972 ஜனவரி 26 அன்று செக்கோஸ்லொவாக்கிய வானில் ஒரு யூகோஸ்லாவிய விமானம் வெடித்துச் சிதறியது. பணிப்பெண் ஒருத்தி 10,160 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட் இல்லாமல் விழுந்தும் உயிர் பிழைத்தார். அவர் பெயர் வெஸ்னா வூலவிச். விமானத்தில் இருந்த மற்ற 27 பேரும் இறந்தார்கள். பிழைத்தவர் 2016 வரை வாழ்ந்தார்.

இணையம் வெஸ்னாவை ‘பண்டைய ஸ்லாவியர்களின் வசந்த தேவதை’ என்று சொல்லும். நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் நாட்டுப்பாடல்களில் வந்த சொற்களையெல்லாம் தெய்வமாக்கினார்கள், இதுவும் பெரும்பாலும் அப்படி வந்ததே. ‘லாதா’ தேவியும் பாட்டின் பல்லவியிலிருந்து பிறந்தவள்தான். ஆனால் தெய்வத்தை எடுத்துவிட்டாலும் சொல் மிகப் பழையது. ஸ்லாவிய ‘வெஸ்னா’வும் சமஸ்கிருத ‘வசந்த’வும் ஒரே வேரின் இரு கிளைகள். உங்கள் பெயருக்கும் ஸ்வேதாவுக்கும் உள்ள உறவு போலத்தான். அதாவது, ஸ்வெத்லானா, வெஸ்னா என்று வைத்தால் நீங்கள் உங்கள் மாமியார் பெயரைத்தான் பேத்திக்கு வைக்கிறீர்கள். வழியில் பெல்கிரேடைச் சுற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

ஒலி ஒத்துப்போனதெல்லாம் உறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்லாவிய ‘தேவா’ என்றால் கன்னிப்பெண், நம் தேவனோடு சம்பந்தமில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஹெல்மோல்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் மேற்கு ஸ்லாவியரின் ஒரு பெண் தெய்வத்தை ‘சிவா’ என்று எழுதி வைத்தார். அதைச் சிவபெருமானாக்கி இன்று காணொளிகள் வருகின்றன. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ‘உயிருள்ளவள்’ என்ற பொருளில் ‘ழிவா’ என்று படிக்கிறார்கள். முதலெழுத்து நம் ‘ஜ’வுக்குக் கிட்டத்தில் வரும் ஓர் ஒலி. ஸ்லொவேனியாவில் இன்றும் பெண்களுக்கு வைக்கும் பெயர். அதற்கு உறவுச் சொல் இங்கே ஜீவா. தோழர் ப. ஜீவானந்தத்தை எல்லாரும் ஜீவா என்றே அழைத்தார்கள் என்பதை உங்கள் அப்பாவின் மகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை ஏழாவது பெயராக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜீவா என்று வைத்தால் அது ஸ்லாவியப் பெயர் என்று யாருக்கும் தோன்றாது, பாதிப் பேர் பையன் என்று நினைப்பார்கள்.

என் ஓட்டு வெஸ்னாவுக்கு. இரண்டு எச்சரிக்கை. ‘வெ’ குறிலாகவே இருக்கட்டும். நெடிலாக்கி எழுதினாலும் கூப்பிட்டாலும் தமிழில் காதுக்குச் சுகமில்லாத சொல் ஒன்று நினைவுக்கு வரும். அக்கம்பக்கத்தில் முதல் மாதமே திருத்திவிடுங்கள். இரண்டாவது, ரஷ்யர்கள் யாராவது கேட்டால் சிரிக்கக்கூடும். அவர்களுக்கு வெஸ்னா பருவத்தின் பெயர் மட்டும்தான், ஆளுக்கு வைப்பதில்லை. அப்போது செர்பியப் பெயர் என்று சொல்லிவிடுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள். பள்ளியில் பெயர் எழுதும்போது கூடுதல் எழுத்துகள் எதுவும் வேண்டாம், ஒலிக்கிறபடியே இருக்கட்டும். நீங்கள் பட்ட பாடு போதும்.

பெயர் இன்னும் முடிவாகவில்லையே என்று ஆஸ்பத்திரியில் பதற்றப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் போதும், அப்போது பெயர் இல்லாமலேயே பதியலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமிருக்கிறது. பிறந்த பிறகு ஒரு மாதம் வசந்தா அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் நுழையாவிட்டால் மிலா இருக்கவே இருக்கிறாள்.